கொடியசைத்து அனுப்பிய கப்பல்

மனிதனாகப் பிறந்தவன் வாழ்நாளில் ஒரு தடவையாவது உல்லாசக் கப்பலில் போய்வர வேண்டும் என்று அந்தத் தெருவில் முடிவாகியிருந்தது. யார் கூடி முடிவெடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. போன வருஷம் இதே ஆட்கள் வெறுங்காலோடு பூங்காவைச் சுற்றினார்கள். அதற்கு முந்தின வருஷம் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தார்கள். இந்த வருஷம் கப்பல். போய்வந்தவர்கள் சலூனில் நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னும் தரை ஆடற மாதிரியே இருக்கு" என்பார்கள். போகாதவர்கள் முடி வெட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அப்படி வாயைத் திறக்காமல் வந்தவர்களில் ஒருவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் அத்தனை பேரையும் அவரவர் போக வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டவர். சொந்த மனைவியை மட்டும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அந்த அம்மாளும் அதை அடிக்கடி சொல்லிக்காட்டுவதில்லை. சாப்பாடு போடும்போது மட்டும்தான் சொல்வாள்.

அவர்களுக்கு ஒரே மகள். முதல் பிரசவம். டாக்டர் இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். "குழந்தை வந்துட்டா அம்மாவால நகர முடியாது. இப்பவே போயிட்டு வாங்கப்பா" என்று மகள்தான் போனைத் துழாவி ஒரு கடைசி நேரச் சலுகையைக் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை ஏற்றிக்கொண்டு, கடலைச் சுற்றிக் காட்டி, திங்கட்கிழமை கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். பாதிக் கட்டணம். ஏன் பாதி என்று கண்டக்டர் போன் போட்டுக் கேட்டார்.

"கப்பல் கொஞ்சம் பழசு சார்."

"கொஞ்சம்னா?"

"பாரம்பரியம்னு வச்சுக்கங்களேன்."

கண்டக்டரின் மனைவி மகளின் வயிற்றைத் தொட்டு ஒரு வாக்குக் கொடுத்தாள். "வலி எடுக்கறப்ப நான் உன் கையைப் பிடிச்சுட்டு நிப்பேன். கப்பலாவது ஒண்ணாவது." அதற்குப் பிறகுதான் பெட்டியைக் கட்டினாள்.

கப்பலுக்குப் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருந்ததால், கைப்பிடியைத் தொட்டவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே கையில் வந்தன. லிஃப்ட் வாசலில் "பாரம்பரிய லிஃப்ட். பார்வைக்கு மட்டும்" என்று பலகை தொங்கியது. குளியலறையில் இரண்டாவது குழாய்க்கு மேலே "இதில் ஒரு காலத்தில் வெந்நீர் வந்தது" என்று அழகான எழுத்தில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். தொப்பி வைத்த ஒருவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இந்தப் பயணத்துக்காகவே மாலுமித் தொப்பி வாங்கி வந்தவர் அவர்.

அமைச்சர் வந்து கொடியசைத்தார். பேண்டு முழங்கியது. பலூன்கள் பறந்தன. அமைச்சர் காரில் ஏறிப் போனார். கப்பல் நீளமாக ஒரு தடவை ஊதியது. அடியில் ஏதோ பலமாக இருமியது. பிறகு இருமலும் நின்றது.

வெகுநேரம் கழித்து ஒலிபெருக்கி பேசியது. "மதிப்பிற்குரிய பயணிகளே! நமது கப்பல் வெற்றிகரமாகத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். கரையில் கயிறு கட்டியபடியே இருந்தது. கயிறு கட்டிய தூணடியில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீருடையும் மார்பில் வில்லையுமாகப் பயணிகள் மகிழ்ச்சி அலுவலர் அந்தப் பக்கம் வந்தார்.

"சார், கப்பல் நகரலையே?" என்றார் கண்டக்டர்.

"புறப்பட்டாச்சு ஐயா. அறிவிப்பு கேக்கலையா?"

"கேட்டுச்சு. கயிறும் தெரியுது."

"அமைச்சர் கொடி அசைச்சாரா இல்லையா?"

"அசைச்சார்."

"அமைச்சர் கொடியசைச்ச கப்பல் நின்னுட்டிருக்குன்னு சொல்றீங்களா?" அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க பென்ஷன் வாங்கறவர்."

"நான் விசில் கொடுத்தும் வண்டி நின்ன நாள் உண்டு சார். இறங்கித் தள்ளுவோம்."

"அது போக்குவரத்துத் துறை. நாங்க உல்லாசத் துறை" என்று சொல்லிவிட்டு அவர் மகிழ்ச்சியைக் கவனிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பயணிகளின் நலன் கருதி மேலும் ஓர் அறிவிப்பு வந்தது. நாற்காலிகள் யாவும் இடது பக்கம் பார்த்துப் போடப்பட்டுள்ளன. இடது பக்கம் தெரிவது கடல். வலது பக்கம் கிடங்குகள், லாரிகள், தேநீர்க் கடை முதலியன தெரிவதாகத் தோன்றினால், அது நெடுங்கடல் பயணத்தில் இயல்பாக ஏற்படும் மயக்கமே. மருத்துவரிடம் மாத்திரை பெற்றுக்கொள்ளவும்.

மாத்திரைக்கு வரிசை நின்றது. அசையாத கப்பலில் ஓர் அம்மாள் அலை தாங்காமல் வாந்தி எடுத்தாள். மற்றவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். எல்லோரும் இடது பக்கமே உட்கார்ந்து, இடது பக்கமே படம் எடுத்து, "எங்கும் கடல்! எதிலும் கடல்!" என்று ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் மட்டும் வலது பக்கம் நின்று தேநீர்க் கடையைப் பார்த்தார். கடைக்காரர் இவரைப் பார்த்து, டீ வேண்டுமா என்று விரலைக் காட்டிக் கேட்டார்.

தொப்பிக்காரர் வந்து கண்டக்டரின் தோளைத் தொட்டார். "பெரியவரே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"ஏன்?"

"மேனேஜர் காலைப் பிடிச்சு லீவு வாங்கிட்டு வந்திருக்கேன். நீங்க அங்க நின்னா கரை இருக்கிற மாதிரி இருக்கு. எதுக்கு எங்க சந்தோஷத்தைக் கெடுக்கறீங்க?"

"கரை இருக்கே அப்பா."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதை நாம பேசணுமா?" சுற்றி இருந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். விவரமில்லாத ஆட்களை எல்லாம் பாதிக் கட்டணத்தில் ஏற்றினால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். அவரும் பாதிக் கட்டணம்தான். சொன்னவர் முகத்தையும் தலையாட்டினவர்கள் முகத்தையும் கண்டக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார். டிக்கெட் எடுக்காமல் இறங்கினவனை எத்தனை வருஷம் கழித்தும் அடையாளம் சொல்லக்கூடியவர் அவர்.

அன்று பகலில் மருமகன் போன் செய்தான். "மாமா, முன்னாடியே வலி வந்துடுச்சு. துறைமுகத்து எதிர்ல இருக்கற ஆஸ்பத்திரியிலதான் சேர்த்திருக்கோம். அம்மா எங்க, அம்மா எங்கன்னு அழறா. நீங்க எங்க, நடுக்கடல்லயா?"

கண்டக்டர் வலது பக்கம் பார்த்தார். தேநீர்க் கடைக்குப் பின்னால் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடி ஜன்னலில் போனைக் காதில் வைத்தபடி மருமகன் நின்றுகொண்டிருந்தான்.

"ஆமா மாப்பிள்ளை" என்றார். "நடுக்கடல்தான். நீங்க புதுச் சட்டை போட்டிருக்கீங்க போலிருக்கே."

மனைவியை இழுத்துக்கொண்டு மகிழ்ச்சி அலுவலரிடம் ஓடினார். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் படிக்கட்டு போட்டபடியேதான் இருந்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்பு நாடாவைக் கட்டியிருந்தார்கள்.

"சார், பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. நாடாவை அவிழ்த்து விடுங்க, நாங்க இறங்கணும்."

"நடுக்கடல்ல இறங்க விதியில்லை ஐயா. திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க."

"திங்கட்கிழமை இறக்கி விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"கப்பல் திரும்பி வந்தா இறக்கிடுவோம் அம்மா. திரும்பி வரணும்னா இன்ஜின் ஓடணும். இன்ஜினை ரிப்பேர் பண்ணணும்னா கப்பல் கரையில இருக்கணும். கரையில இல்லையே!"

அந்த அம்மாள் நாடாவைத் தொட்டுப் பார்த்தாள். "சரி, நடுக்கடல்ல யாராவது தவறி விழுந்துட்டா என்ன விதி?"

அலுவலர் மேலே பார்த்து யோசித்தார். "விழறதுக்கு அனுமதி கிடையாது. ஆனா விழுந்துட்டா, விழுந்ததுக்கு அனுமதி தேவையில்லை."

"அப்ப நாங்க விழறோம்" என்று சொல்லிவிட்டு அவள் நாடாவைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனாள். கண்டக்டர் பெட்டியோடு பின்னால் போனார். அலுவலர் முறைப்படி, "ஆள் விழுந்துட்டாங்க! ஆள் விழுந்துட்டாங்க!" என்று இரண்டு தடவை கத்திவிட்டுப் போய்விட்டார்.

"என்னங்க, விழறது இப்படித்தானா?"

"மெதுவா விழு. படி வழுக்குது."

கரையில் நாயைத் தாண்டியதும் துறைமுகக் காவலர் லத்தியை நீட்டி மறித்தார். "எங்கிருந்து வர்றீங்க?"

"இந்தக் கப்பல்லேர்ந்து."

"எந்தக் கப்பல்? அது நேத்தே போயிடுச்சே."

"அதான், நடுக்கடல்ல விழுந்துட்டோம். நீந்தி வர்றோம்."

காவலர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "துணி காய்ஞ்சிருக்கு. நனையாம நீந்தி வந்தவங்களை உள்ள விட முடியாது பெரியவரே. என் வேலை போயிடும்."

அவர் மோசமானவர் இல்லை. அவரே தேநீர்க் கடையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் வாங்கிவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இருவர் தலையிலும் ஊற்றினார். பிறகு பதறிப்போய் விசில் ஊதினார். கடலில் தத்தளித்து வந்த இருவர்! துறைமுக அதிகாரி ஓடிவந்தார். போர்வை வந்தது. விதிப்படி ஆம்புலன்ஸ் வந்து, விதிப்படி அலறிக்கொண்டே சாலையைக் கடந்து, எதிரில் இருந்த ஆஸ்பத்திரியில் அவர்களை இறக்கியது. ஈரப் புடவையோடு அம்மா உள்ளே நுழைந்தபோது மகள் வலியிலும் சிரித்தாள். அவள் கையைப் பிடித்த அம்மா அதை விடவில்லை. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே. கரைக்குத் தப்பி வந்தவர்கள் இருவர் என்று துறைமுகத்திலிருந்து மேலே தகவல் போனது. தப்பி வந்தார்கள் என்றால் கப்பலுக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். என்ன ஆயிற்று என்று கேட்கக் கப்பல் எங்கே என்று பார்த்தார்கள். நடுக்கடலில் தேடினார்கள். அங்கே இல்லை. நடுக்கடலில் இருக்க வேண்டிய கப்பல் நடுக்கடலில் இல்லையென்றால் வேறு என்ன அர்த்தம்? அமைச்சர் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தார். கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிட்டார்கள்.

மறுநாள் காலையில் துறைமுக அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண்டக்டர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் மகளும், பக்கத்தில் அவள் அம்மாவும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நேரில் பார்த்த சாட்சி நீங்க ரெண்டு பேர்தான்" என்றார் அதிகாரி. "கப்பல் முழுகினதைப் பார்த்தேன்னு ஒரு வாக்குமூலம் வேணும்."

கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கப்பலைக் காட்டினார். "அது?"

அதிகாரி திரும்பவில்லை. "அந்தப் பக்கம் நான் பார்க்கறதா இல்லை ஐயா. ஒண்ணு மட்டும் சொல்றேன். கப்பல் முழுகியிருந்தா நீங்க தப்பிச்சவங்க. இங்க தங்கலாம், சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு. முழுகலைன்னா, அனுமதி இல்லாம நடுக்கடல்ல இறங்கினவங்க. ரெண்டு பேரையும் திரும்பக் கொண்டுபோய்க் கப்பல்ல ஏத்தணும். எனக்கு வேற வழி இல்லை."

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். தூக்கத்திலும் அவள் மகளின் கையைப் பிடித்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கப்பலின் வலது பக்கம் முழுவதும் ஆட்களாக இருந்தது. இப்போது யாருமே இடது பக்கம் இல்லை. படிக்கட்டை இரவோடு இரவாக எடுத்துவிட்டிருந்தார்கள். முழுகின கப்பலுக்குப் படிக்கட்டு எதற்கு? யாரோ படுக்கை விரிப்பில் "நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கரையில் ஊரே மெழுகுவத்தியோடு திரண்டு நின்றது. கண்டக்டரின் தெருக்காரர்கள் எல்லோருமே வந்திருந்தார்கள். அஞ்சலி செலுத்துவது இப்போது அவர்களிடம் பரவிவிட்டிருந்தது. கடலைப் பார்த்துக் கும்பிட விடாமல் இந்தப் பழைய கப்பல் குறுக்கே மறைக்கிறது, யாராவது அப்புறப்படுத்தக் கூடாதா என்று அவர்கள் காவலரிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொப்பிக்காரர் ஜன்னலில் கண்டக்டரைக் கண்டுவிட்டார். தொப்பியைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார். "பெரியவரே! பெரியவரே! கரை இருக்குன்னு சொல்லுங்க! நீங்கதானே சொன்னீங்க! சொல்லுங்க!"

குழந்தை முகத்தைச் சுளித்தது. கண்டக்டர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கங்க சார். என் கண்ணு முன்னாலதான் முழுகிச்சு."

அதிகாரி வேகமாக எழுதினார். "அலறல் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல சார்" என்றார் கண்டக்டர், குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே. "எல்லாரும் சந்தோஷமாத்தான் போனாங்க."