புவனா அக்காவுக்கு நான் வாங்கிய கோழிக்குஞ்சுகள்

மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவனுக்குத் தான் சொல்வது தன் காதிலேயே விழுவதில்லை. இதை நான் கண்டுபிடித்தது மல்லாவியில், இருபது பேருக்கு முன்னால்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மனநோயிலிருந்து மீண்டு வருபவர்கள் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்க எப்படித் துணை நிற்பது என்று, வீடு வீடாகப் போகும் மனநல உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுக்க வவுனியாவிலிருந்து போயிருந்தேன். (முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டி. அந்த வெயிலில் வேறு யாரும் அப்படி வரவில்லை.) காலை முழுவதும் ஒரே மந்திரம்: “அவையளுக்கு என்ன வேணும் எண்டு நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. கேக்கோணும்.”

பின்னேரம் செய்துகாட்டல். அதற்காகப் பூநகரிப் பக்கத்திலிருந்து புவனா அக்கா வந்திருந்தார். பல வருடம் நோயோடு மல்லுக்கட்டி, இப்போது மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருப்பவர். அவருக்கு என்ன விருப்பம் என்று எல்லார் முன்னாலும் நான் கேட்க வேண்டும்.

பதிலை முதல் நாளே தீர்மானித்துவிட்டேன்: கோழி வளர்ப்பு. மேசைக்குக் கீழே பெட்டியில் பத்துக் குஞ்சுகள் தயார். அவர் “கோழி” என்றதும் நான் பெட்டியைத் தூக்க, எல்லாரும் கைதட்ட, ஒரு போட்டோ.

“அக்கா, உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?”

“மோட்டச்சைக்கிள் ஓட.”

நான் விடவில்லை. “கோழி ஏதும்...?”

“ஐயோ, அந்த மணம் எனக்கு ஒத்துவராது. கிளினிக்குக்கு வாறதெண்டால் ஒவ்வொருமுறையும் தம்பியிட்டக் கெஞ்சோணும். எங்கட ஊருக்குள்ள பஸ்ஸும் வாறேல்லை. நானே மோட்டச்சைக்கிள் ஓடி வரோணும்.”

“உங்களால ஏலாது அக்கா!”

சத்தியமாக நான் சொல்ல நினைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் திரையில் ஓடிக்கொண்டிருந்த என் பாடத்தைப் பார்த்தார். செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி வாசித்தார்.

“‘உங்களால் ஏலாது’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.” பிறகு என்னிடம், “சேர், இது ஆர் எழுதினது?”

“நான்தான்.”

அந்த நேரம் பார்த்துத்தான் பத்துக் குஞ்சுகளும் ஒன்றாகக் கத்தின.

முன்வரிசையில் இருந்த ஒருவர் குனிந்து பெட்டியை இழுத்தார். பெட்டிமேல் என் கையெழுத்திலேயே ‘புவனா’ என்று இருந்தது. முதலில் சிரித்தவர் அக்காதான். பிறகு மண்டபமே சிரித்தது.

“சரி சேர், சிரிச்சது போதும்,” என்றார் அக்கா. “லைசன்சுக்கு முதல்ல என்ன செய்யோணும்? எழுதுங்கோ.”

எழுதினேன். டொக்டரிடம் கேட்பது, தம்பியிடம் ஓடப் பழகுவது, சோதனைக்குப் படிப்பது. ஒவ்வொரு வரியும் அவர் சொன்னது. (பயிற்சி அப்போதுதான் தொடங்கியது என்று பிறகு உத்தியோகத்தர்கள் சொன்னார்கள்.) குஞ்சுகள் என்னோடு வவுனியா பஸ் ஏறின.

அடுத்த வருடம் பூநகரிச் சந்தியில் பஸ்ஸுக்காகக் காய்ந்துகொண்டு நின்றேன். ஒரு மோட்டச்சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. தலைக்கவசத்துக்குள் புவனா அக்கா.

“ஏறுங்கோ சேர். கிளிநொச்சி வரைக்கும் போறன். பயமோ?”

“சீச்சீ.”

கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் அவர் கத்தினார்: “சேர், தோளை விடுங்கோ! வண்டி ஆடுது!”

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது மனைவியின் ஸ்கூட்டியில் நான் பின்னால் ஏறும்போதெல்லாம் மகள் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள்:

“சேர், தோளை விடுங்கோ!”