கேபிள்காரர் பார்த்த பிரசவம்

பிரசவ அறைக்குள் நுழைந்ததும் கேபிள்காரரின் கண் மனைவி மேல் விழவில்லை. தரையில் கிடந்த ஒயர்கள் மேல்தான் விழுந்தது. மனைவியின் கட்டிலிலிருந்து ஒரு கொத்து, திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கொத்து; நடுவே ஜோடியாக நின்ற இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் பின்னிப் பிணைந்து ஓடின. ஊருக்கெல்லாம் டிவி இணைப்புக் கொடுக்கிற மனுஷனுக்கு அது பொறுக்குமா? நர்ஸ் முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து அத்தனையையும் பிடுங்கி, சிக்கெடுத்து, அழகாகச் செருகிவிட்டார்.

"மொதல் பிரசவத்துல மயங்கி விழுந்தீங்க. டாக்டர் என்னை விட்டுட்டு உங்களுக்குத் தண்ணி தெளிச்சாரு," என்றாள் மனைவி. "இந்தத் தடவை உதவியா இருந்தா இருங்க. இல்லேன்னா வெளிய பெஞ்சுதான்."

பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நின்றே தீருவது என்று மாதக்கணக்காகத் தவம் கிடந்தவர் அவர். மனைவி பக்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால் காவல் நின்றார். வயிற்றில் கட்டிய பட்டை வலியை அளந்து சொல்லும். கம்ப்யூட்டர் கோடு போடும். கோடு மலையாக எழுந்தது.

"வலி வருது! மூச்சை இழு... மெதுவா விடு..." அறையே அதிர்ந்தது.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே?" பிஸ்கட்டைக் கடித்தபடி கேட்டாள்.

"உனக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும். இழு!"

சற்று நேரத்தில் அவள் கட்டில் கம்பியை முறுக்கினாள். "அய்யோ, அம்மா!"

கோடு நீட்டிப் படுத்துத் தூங்கியது.

"வலியே இல்லையே, எதுக்குக் கத்துறே?"

அவள் பார்த்த பார்வையில் அவசரமாகப் பட்டையை இறுக்கினார். மலை இன்னும் உயர்ந்தது. அவள் கொட்டாவி விட்டாள். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். அவள் அலறினாள், கோடு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், பழைய டிவிக்குச் செய்கிற வைத்தியமாக, மெஷின் மண்டையில் நச்சென்று ஒரு தட்டு.

அலாரம் ஊளையிட்டது. நர்ஸ் பறந்து வந்தார்.

"மெஷினை அடிச்சது யாரு?"

"வேற யாரு? சிஸ்டர், மொதல்ல இவரை வெளிய அனுப்புங்க! வலிக்கிறப்ப வாயை மூடிக்கிறாரு, வலிக்காதப்ப உயிரை வாங்குறாரு!"

நர்ஸ் அவர் கையைப் பிடித்துக் கதவுவரை இழுத்துப் போனார். கேபிள்காரருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து, மூச்சிரைக்க ஒரு பெண்குரல்:

"சிஸ்டர், அந்த அண்ணனை மட்டும் அனுப்பிடாதீங்க! எனக்கு ஒவ்வொரு வலி வர்றப்பவும் கரெக்டாச் சொல்லி மூச்சு விட வச்சது அவருதான்!"