நெல்லுக்கு மூன்றடிக் குழி

உதவி கேட்பதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. நடவு வயலில் ஒருத்தி இடுப்பு வலியில் பின்தங்கினால், இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அவள் பங்கிலும் நாலு குத்து நட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். நாற்பது வருஷம் அப்படி நட்டவள் நான்.

அறுபத்திரண்டு வயதில் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். இனி எங்கேயும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். (என் வாய் எப்போதும் கைக்கு முன்னால் போகும்.) கடைசித் தேர்வுக்கு, செய்யும் தொழிலைப் பற்றிப் பத்து வரி எழுதி வந்து அதிகாரி முன்னால் வாசிக்க வேண்டும். அப்போதுதான் சான்றிதழ்.

எனக்கோ ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். மருமகள் தமிழரசியிடம் நோட்டை நீட்டினேன். பி.காம். படித்தவள். பேராவூரணித் தென்னந்தோப்பில் வளர்ந்தவள், கல்யாணமாகி மூன்றே மாதம்.

"நாத்த எவ்ளோ ஆழத்துல நடுவீங்க அத்தை?" என்று கேட்டாள்.

"படிச்ச புள்ளதானே, நீயே போட்டுக்க" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போனேன். (வேலையை அடுத்தவளிடம் விட்டுவிட்டு வரப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வது என்று இதற்குப் பெயர்.) அவள் எழுதியதை ஒரு தடவை எழுத்துக் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தேர்வன்று என்னோடு நடவுக்கு வரும் பெண்கள் எல்லாரும் பின் பெஞ்சில் இருந்தார்கள். எழுந்து நின்றேன்.

"நாற்று... நட... மூன்றடி... குழி... வெட்டுவேன்."

எழுத்தைக் கூட்டவே எனக்கு மூச்சு வாங்கியது. அர்த்தம் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தது.

"குழியில்... உப்புப் போட்டு... இருபத்தைந்தடி... இடம் விட்டு..."

பெஞ்சு குலுங்கியது. "ஏன்க்கா, ஒரு மா நிலத்துக்கு இருபது நாத்து போதும் போலருக்கே" என்றாள் அஞ்சலை.

இது தென்னம்பிள்ளை நடும் கணக்கு என்று அதிகாரி அம்மாவுக்கு மட்டும் தோன்றவில்லை. நன்றாக வாசித்தேன் என்று பாராட்டி, பேனாவைத் திறந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் சான்றிதழ் கையில். ஆனால் அந்தத் தாளுக்கு அடியிலா என் பெயர்?

"இது நான் எழுதல மேடம். மருமக எழுதுனது. வெறுந்தாள் குடுங்க, இங்கயே எழுதுறேன்."

நாலு வரிதான் வந்தது. பிழை அதற்கு மேல். அடுத்த தேர்வுக்கு வரச் சொன்னார். போனேன். சான்றிதழ் வாங்கினேன்.

முதல் தேர்வன்று மருமகளைத் திட்டலாமென்று வீட்டுக்கு வந்தால், "கேட்டேன்ல அத்தை, நீங்கதானே சொல்லல" என்றாள்.

இன்றும் சோறு போட்டால் என் மகன், அம்மா மரமேறிப் பறித்த நெல்லா என்று கேட்கிறான். கேட்கட்டும். மருமகளிடம் உதவி கேட்பதை நான் விடவில்லை. பேனா என் கையில், அவள் வாயால் மட்டும் சொல்லலாம். இதைப் படித்துவிட்டு எட்டு இடத்தில் தப்பு என்றாள். ஏழு திருத்தினேன். எட்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.