சட்டப் பாடம் எடுத்த அரசர்

நெடுமுடி நாட்டில் ஒரே ஒரு கல்லூரி இருந்தது, அதுவும் தலைநகரில். மற்ற ஊர்க்காரர்கள் படிக்க ஆசைப்படலாம், அதற்குத் தடையில்லை. அப்புறம் செல்பேசி வந்தது. அதன் வழியே தொலைநிலைக் கல்வியும் வந்தது.

காத்தாயி ஆடு மேய்த்துக்கொண்டே சட்டம் படித்தாள். பேராசிரியை மரகதவல்லி தன் காணொளிகளில் சட்டத்தைப் படமாக வரைந்து, அதை நடமாட வைத்து, நடுநடுவே கேள்வியும் கேட்பார். புரியாவிட்டால் பின்னால் இழுத்து மறுபடி கேட்கலாம். “இதுகூடத் தெரியாதா? உங்கப்பன் என்ன வேலை பார்க்கிறான்?” என்று செல்பேசி கேட்டதில்லை. அந்த மரியாதை காத்தாயிக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

அரசருக்குப் பொறுக்கவில்லை. “நாடே ஒரு வாத்தியாரம்மா மூஞ்சியைப் பார்க்குது. அப்ப என் மூஞ்சி எதுக்குய்யா?”

“உலகமே பார்க்க வேண்டிய முகம், மன்னா!” என்றார் கல்வி அமைச்சர்.

ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் அரசருரை கட்டாயமானது. உரை முடியும்போது அன்றைய டேட்டாவும் முடிந்தது. காத்தாயியும் கூட்டாளிகளும் முறைவைத்து ஆளுக்கொரு பாடமாக இறக்கி, குழுவில் பகிர்ந்து படித்தார்கள். இதைக் கேள்விப்பட்டதும் அடுத்த ஆணை வந்தது: இனி எல்லாப் பாடத்திலும் மரகதவல்லிக்குப் பதில் அரசரின் முகம், அரசரின் குரல். கணினி ஒரே இரவில் மாற்றிக் கொடுத்தது.

“பாடத்தை ஒருதரம் பார்த்துடலாமா, மன்னா?” என்றார் அமைச்சர்.

“நான் நடத்துற பாடத்தைச் சோதிக்க நீ யாருய்யா?”

மூன்றாவது ஆணை ஊர்தோறும் மேய்ச்சல் நிலத்தை அரண்மனைப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டது. காத்தாயி ஊரில் அதிகாரி பொக்லைனோடு வந்து இறங்கினார்; சத்தம் கேட்டு ஊரும் கூடியது.

“ஏ புள்ள, ஆட்டை ஓட்டு!”

“ஊர்க்கூட்டம் ஒத்துக்கிச்சா சார்? நிலம் போச்சுன்னா ஆட்டை வித்துட்டு நான் எதைத் திங்கிறது?”

“ஆடு மேய்க்கிறவ எனக்குச் சட்டம் சொல்றியா?”

“நான் எங்க சொல்றேன்? அவரே சொல்றாரு, கேளுங்க.”

காத்தாயி கோயில் ஒலிபெருக்கியில் செல்பேசியை இணைத்தாள். கிரீடத்தோடு அரசர் கனிவாகப் பேசினார்: “கண்ணுங்களா, ஊர்க்கூட்டம் சம்மதிக்காம மேய்ச்சல் நிலத்தை அரசனும் எடுக்க முடியாது. மீறி வந்தா? குறுக்கே உட்காரலாம். அது உங்க உரிமை.”

ஊரே குறுக்கே உட்கார்ந்தது.

“இது போலி…” என்று ஆரம்பித்தார் அதிகாரி.

“அரசர் மூஞ்சி போலின்னு எழுதிக் குடுத்துட்டுத் தோண்டுங்க சார்,” என்றாள் காத்தாயி.

பொக்லைன் திரும்பிப் போனது. ஆடுகள் மேய்ந்தன. அந்த வாரமே ஊருக்கு ஊர் அரசர் பாடம் நடத்தத் தொடங்கினார். ஊருக்கு ஊர் அதிகாரிகள் திரும்பினார்கள்.

அரண்மனை பொங்கி எழுந்தது. காணொளியில் தோன்றி மக்களைத் தூண்டிவிடும் ஆள் தேசத்துரோகி; பிடித்துக் கொடுத்தால் பரிசு. ஆளின் படம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒட்டப்பட்டது.

காவலர்கள் தினமும் காலையில் அந்தப் படத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, ஆளைத் தேடக் கிளம்புகிறார்கள்.