பாடாத வாக்மேன்

பதினைந்து நாள் விடாமல் நடந்ததில் வெங்கிட்டுவின் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

டாக்டர் இசக்கிமுத்து எடை பார்க்கும் மெஷினை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை.

"சாமி, நான் உம்மை நடக்கச் சொன்னேனா, திங்கச் சொன்னேனா?"

"நடந்துண்டுதான் இருக்கேன் டாக்டர். சத்தியமா."

"அப்ப சக்கரை ஏன் ஏறுது? ஒரு மாசம் பாப்பேன். இறங்கலேன்னா தினம் காலையில ஒரு ஊசி. ஆயுசு முழுக்க."

ஊசி என்றதும் வெங்கிட்டுவுக்கு உள்ளங்கால் வேர்த்தது. சட்டைக்குப் பொத்தான் தைக்க மனைவி லோகாம்பாள் ஊசியை எடுத்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிற மனிதர் அவர்.

குற்றம் அவருடையதல்ல, கொச்சி மட்டாஞ்சேரியுடையது. வெங்கிட்டு பஜார் ரோட்டில் செல்லப்பா முதலாளியின் மிளகு மண்டியில் தரகு பார்க்கிறவர். வீட்டிலிருந்து படகுத்துறைக்குப் போய்த் திரும்ப அரை மணி நேர நடை. எதிரே வருகிறவனெல்லாம் மிளகுக்காரன். "சாமி, இன்னைக்கு ரேட் எந்தா?" என்பான். நின்று பதில் சொல்லாவிட்டால் அவன் சரக்கு நாளைக்கு வேறு மண்டிக்குப் போய்விடும். நின்றால் சாயா வரும். சாயா வேண்டாமென்றால், 'சாமிக்கு நம்ம மேல பிணக்கம்' என்று ஊரெல்லாம் சொல்லுவான். ஒரு நடைக்கு ஏழு சாயா, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி இரண்டு. சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

லோகாம்பாள்தான் வழி சொன்னாள்.

"எதிராத்து மாப்பிள்ளை துபாய்லேர்ந்து வந்து காதுல வாக்மேனை மாட்டிண்டு அலையறான். நான் நாலு தரம் கூப்பிட்டேன், திரும்பியே பாக்கலை. யாரும் அவனைத் தப்பா நினைக்கறதும் இல்லை. நீங்களும் ஒண்ணு மாட்டிக்கோங்கோ."

"எனக்குப் பாட்டுன்னாலே தலைவலியாச்சேடீ."

"பாட்டை யாரு கேக்கச் சொன்னா? காதை மூடிக்கத்தான் சொன்னேன்."

அன்று சாயங்காலமே வெங்கிட்டு கமாலுதீன் கடைக்குப் போனார். வளைகுடாவிலிருந்து வருகிற சென்ட்டு, குடை, டேப் ரிக்கார்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். கமாலுதீன் முதலில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு டூ-இன்-ஒன்னைத் தூக்கி வைத்தான்.

"இதைச் சுமந்துக்கிட்டு நடந்தா அதுவே எக்சர்சைஸ், சாமி."

"நான் நடக்கணும் ஓய். மூட்டை சுமக்கறதுக்கு மண்டியில ஆள் இருக்கு."

அடுத்தது பாக்கெட் டிரான்சிஸ்டர். ஒரு காதுக்கு மட்டும் குமிழ். வெங்கிட்டு உடனே தள்ளிவிட்டார். இன்னொரு காது திறந்திருந்தால் அதிலே ரேட் கேட்பார்களே!

மூன்றாவது அசல் ஜப்பான் வாக்மேன். ஆரஞ்சுப் பஞ்சு வைத்த ஹெட்போன் இரண்டு காதையும் அழகாக மூடியது. விலையைக் கேட்டதும் வெங்கிட்டுவுக்கு ஏறியிருந்த சர்க்கரையெல்லாம் இறங்கிவிட்டது போலிருந்தது.

"வேற ஒண்ணும் இல்லையா? சின்னதா, விலை குறைச்சலா?"

கமாலுதீன் தயங்கித் தயங்கி மேஜைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்தான். "இது சிங்கப்பூர் சரக்கு. மோட்டார் போயிருச்சு. டேப்பு சுத்தாது. பாடாது சாமி."

"பாடவே பாடாதா?"

"ஒரு சத்தம் வராது."

"அப்படிச் சொல்லும்! இதைத்தானே நான் தேடிண்டிருக்கேன்!"

"படச்சோனே!" என்று படைத்தவனைக் கூப்பிட்டுக் கமாலுதீன் நெஞ்சில் கை வைத்தான்.

வெங்கிட்டு அதை மிளகுபோல உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். அப்புறம் பழக்கதோஷம், தோள்துண்டை எடுத்து கமாலுதீனின் கைமேல் போட்டு, அடியில் கையை விட்டு மூன்று விரலை அழுத்திப் பிடித்தார். மிளகுத் தரகில் பேரம் வாயால் பேசுவதில்லை, துண்டுக்கடியில் விரலால்தான். சென்ட்டு விற்கிற கமாலுதீனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?

"கையை விடுங்க சாமி, ஆளுக பாக்குறாங்க!" என்று நெளிந்து, அவர் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பிவிட்டான்.

மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் பெட்டியும் காதில் பஞ்சுமாக வெங்கிட்டு இறங்கினார். "சாமியேய், ரேட்?" என்றவர்களுக்குக் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு நடையைக் கட்டினார். ஒரு சாயா இல்லை. ஒரு பழம்பொரி இல்லை. திரும்பி வந்து, "லோகு, உனக்குக் கோவில் கட்டணும்டீ!" என்று கூத்தாடினார்.

கோவில் கட்ட நேரம் கிடைக்கவில்லை. பத்தாவது நாள் பக்கத்து மண்டித் தரகர் மஜீத் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"தாலாட்டுப் பாடினாக்கூட எந்திரிச்சுப் போற ஆளு நம்ம சாமி. அவருக்கு எதுக்கு பாட்டுப் பெட்டி?"

பெஞ்சு யோசித்தது. பம்பாய் ரேட் தெரிய டிரங்க் காலுக்குச் சொல்லிவிட்டு மத்தியானம் வரை காத்துக் கிடக்கிற ஊர் அது. சாமியோ காலையிலேயே காதில் வயரோடு, யாருடனும் பேசாமல், விறுவிறுவென்று போகிறார். கேட்டால் சிரிக்கிறார்.

"பம்பாய் ரேட்டு அதுல நேரா வருது!" என்றார் மஜீத்.

அன்று வெங்கிட்டு கொஞ்சம் வேகமாக நடந்தார். பெஞ்சு எழுந்து ஓடி மிளகு வாங்கியது. ரேட் ஏறியது. மறுநாள் நடுரோட்டில் செருப்பு வார் அறுந்து அவர் நின்றுவிட்டார். "சாமி நின்னுட்டாரு! விழப்போவுது!" என்று ஆளாளுக்கு விற்றார்கள். மத்தியானத்துக்குள் ரேட் தரையைத் தொட்டது.

விஷயம் காதுக்கு வந்தபோது வெங்கிட்டு பதறிப்போனார். நேரே சாயாக்கடைக்குப் போய்ச் சத்தியம் செய்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை ஓய்! இதுல ஒண்ணுமே வராது!"

"வந்தாலும் சாமி சொல்லுவாராக்கும்?" என்றார் மஜீத்.

வெங்கிட்டுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நன்னாப் பாத்துக்கோங்கோ!" என்று பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். பெஞ்சு எட்டிப் பார்த்தது. உள்ளே டேப் இல்லை.

"டேப்பே இல்லே! அப்ப பாட்டு இல்லே, ரேட்டுதான்!"

வெங்கிட்டு தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். லோகாம்பாளிடம் சுப்ரபாதக் கேசட்டை வாங்கி வந்து பெட்டிக்குள் போட்டு, ஹெட்போனை மஜீத் தலையிலேயே மாட்டினார். மஜீத் கண்ணை மூடிக் கேட்டார். மோட்டார்தான் செத்துப்போன மோட்டாராயிற்றே, என்ன கேட்கும்?

"நமக்குக் கேக்காதபடிக்கு வச்சிருக்கான்யா ஜப்பான்காரன்!" என்றார் மஜீத் பக்தியோடு.

அதற்குப் பிறகு வெங்கிட்டு தனியாக நடக்கவில்லை. பின்னால் நாற்பது பேர் நடந்தார்கள். அவர் தும்மினால் இரண்டு பேர் வாங்கினார்கள், மூக்கைச் சிந்தினால் நாலு பேர் விற்றார்கள்.

ஒருநாள் செல்லப்பா முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"சாமி, இங்கன வாரும். கப்பலுக்கு நூறு டன் வாங்கணும். ரேட் இறங்கியாகணும். நாளைக்கு நீரு ஆமையா நடக்கணும், வே. நடுவுல ரெண்டு தடவை உக்காரும்."

"மொதலாளி, டாக்டர் வேகமா நடக்கச் சொல்லியிருக்கார்."

"வேகமா நடக்கணும்னா வேற மண்டியில போய் நடக்கணும். பாத்துக்கிடும்."

இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் ஊசி. இருபத்திரண்டு வருஷ வேலை அது. வெங்கிட்டு அழாக்குறையாக டாக்டரிடம் ஓடினார். மூன்று நாள் முன்பே குப்பியில் சிறுநீர் கொடுத்துப் பரிசோதனையும் முடிந்திருந்தது.

"டாக்டர், ரேட் இறங்கணும்னு மொதலாளி உத்தரவு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் மெதுவா நடந்துக்கறேனே. உங்க காலைப் பிடிக்கறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் இறுகிவிட்டது.

"மெதுவாவா? சாமி, சக்கரை இருக்கிற இருப்புக்கு நடையே போதாது. நாளைக்கு நீரு ஓடணும்."

"ஓடணுமா!"

"எத்தனை மணிக்குக் கிளம்புவீரு?"

"ஆறு மணிக்கு."

"வேண்டாம். எட்டு மணிக்கு ஓடும். வெயில் பட்டாத்தான் சக்கரை கரையும். பஜார் ரோடு முழுக்க ஓடணும், நிக்கப்படாது. இல்லேன்னா நாளை மறுநாள் முதல் ஊசி."

ராத்திரி முழுக்க வெங்கிட்டு புரண்டார். வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஊசி போனால்? ஊசி எங்கே போகும், தினமும் வருமே!

காலை எட்டு மணிக்கு, மண்டியெல்லாம் திறந்திருக்கிற நேரத்தில், வெங்கிட்டு ஓடினார். ஐம்பத்தோரு வயதுத் தொந்தி முன்னால் ஓட, அவர் பின்னால் ஓடினார். நாற்பது பேர் என்றிருந்த கூட்டம் நானூறாயிற்று. மண்டிகளிலிருந்து கணக்குப்பிள்ளைகள் பேனாவோடு குதித்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, இறக்கினால் ரேட்டும் இறங்கிவிடுமோ என்று பயந்து மறுபடி தூக்கிக்கொண்டார்கள். "சாமி ஓடுறாரு! வாங்கு, வாங்கு!" என்கிற கூச்சல் படகுத்துறை வரைக்கும் கேட்டது. மிளகு அன்றைக்கு ஏறிய ஏற்றத்தை மட்டாஞ்சேரி அதற்கு முன்னால் கண்டதில்லை.

மண்டி வாசலில் செல்லப்பா முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஓடுகிற வெங்கிட்டுவைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"வராதேயும்."

காதில் பஞ்சு இருந்தும் அது மட்டும் நன்றாகக் கேட்டது. இருபத்திரண்டு வருஷ வேலை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. ஆனாலும் நிற்கவில்லை, ஓடி முடித்தார்.

மறுநாள் குப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். வேலை போனாலும் போகட்டும், ஊசி இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் அவருக்கு. டாக்டர் அறை பூட்டியிருந்தது. பரிசோதனை பார்க்கிற சஃபியா மட்டும் ஜன்னலுக்குள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே பதினெட்டு வருஷமாக இருப்பவள்.

"சஃபியா, டாக்டர் இல்லையா? போன வாரம் இருந்ததுக்கு இன்னிக்குக் கொஞ்சமாவது இறங்கியிருக்கான்னு நீயே பாத்துச் சொல்லிடேன். நேத்து உசிரைக் கொடுத்து ஓடியிருக்கேன்."

சஃபியா கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சாமிக்குப் போன வாரமே சக்கரை சுத்தமா இல்லேன்னு நான் சீட்டு எழுதிக் கொடுத்தேனே, டாக்டர் சொல்லலையா? பாவம், மாமனார் தோட்டத்து அறுபது சாக்கு மிளகை நேத்து நல்ல ரேட்டுக்குத் தள்ளிவிடுற வரைக்கும் அவருக்கு வேற நெனப்பே இல்லே!"