துபாயில் பனிமூட்டம்

எங்கள் மந்தைவெளிக் குடியிருப்பில் உயிரை எடுக்க நேரம் குறிப்பவன் எமன். உடலை எடுக்க நேரம் குறிப்பவர் ஃப்ளைட் மாமா. இருவரில் மாமாவின் கணக்குதான் தப்பாது.

வாழ்நாளில் அவர் விமானம் ஏறியதில்லை. ஆனால் சென்னையிலிருந்து சிகாகோ பதிமூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், துபாயில் இறங்கி மாறினால் இருபத்திரண்டு மணி நேரம் என்று கீரைக்காரம்மாவிடம்கூட ஒப்பிப்பார். அவருடைய ஒரே பிள்ளை ரகு சிகாகோவில் இருந்தான். ஆட்டோவில் தி.நகர் போனால், "இந்த நேரத்துக்குக் கொழும்பே போயிருக்கலாம்" என்று டிரைவரின் பிராணனை வாங்குவார்.

இங்கே பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். செத்துப்போனால் பெற்றவர்கள் ஐஸ் பெட்டியில். பிள்ளை வந்த பிறகுதான் எடுப்பது வழக்கம். ஆகவே சாவு விழுந்தால் முதலில் டாக்டருக்குச் சொல்வோம், அடுத்து மாமாவுக்கு. காகிதமும் பேனாவுமாக வந்து உட்காருவார். "நாளைக்குப் பத்தரைக்கு வாசல்ல கார் நிக்கும். பதினொண்ணுக்கு எடுத்துடலாம்." பத்து இருபத்தைந்துக்கே கார் வந்து நிற்கும்.

இங்கிதம் மட்டும் கிடையாது. மாடி வீட்டு சரோஜா மாமியின் கணவர் இறந்தபோது சிட்னியிலிருந்த மகன், "வந்து சேர ரெண்டு நாள் ஆகும், நீங்களே முடிச்சுடுங்கோ" என்றான். மாமா போனைப் பிடுங்கினார்.

"சிட்னிலேர்ந்து சிங்கப்பூர் எட்டு மணி. அங்கேர்ந்து நாலு. நடுவுல மூணு மணி தூங்கினாலும் பதினஞ்சு. மீதி நேரம் எங்கடா போச்சு? மனசில்லேன்னு சொல்லித் தொலையேன்!"

கூடம் நிறைய ஆட்கள். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

போன வருஷம் கத்திரி வெயிலில் மாமாவின் மனைவி போய்விட்டார். மாமா அழவில்லை, காகிதத்தை எடுத்தார். "ரகு நாளன்னிக்குக் காலம்பற ஒம்பதரைக்கு வந்துடுவான்."

அந்த ஒன்பதரையும் வந்தது, பதினொன்றும் ஆயிற்று. ஐஸ் பெட்டிக்காரர் என் காதருகே வந்தார். "இன்னா சார், அடுத்த சாவு ஊட்டுலேர்ந்து பொட்டி கேட்டு போன் மேல போன் பண்ணிக்கினு கீறாங்க. எப்போ எடுக்கறீங்க?"

மாமாவைக் கேட்கப் போனேன். அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அப்போ நீ கெளம்பவே இல்லையாடா?" என்பது மட்டும் வெளியே கேட்டது.

கூடத்துக்கு வந்து நின்றார். "துபாய்ல பனிமூட்டமாம். ஃப்ளைட்டெல்லாம் நின்னுடுத்தாம். காத்திருக்க வேண்டாம், எடுத்துடலாம்."

மே மாதத்தில், துபாயில், பனிமூட்டம்! சரோஜா மாமி அவரையே பார்த்தாள். திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நாள் அவளுக்குக் கிடைக்காது, கொடுத்திருந்தாலும் தப்பில்லை.

"ஆமாண்ணா," என்றாள் மாமி. "டிவிலகூடச் சொன்னான். பயங்கரப் பனியாம்."

கொள்ளியை மாமாவே வைத்தார். ரகுவை நான் மன்னிப்பதாக இல்லை. மாமா இப்போதும் என்னை மாடிப்படியில் நிறுத்தி, சிகாகோ எவ்வளவு தூரம் என்று சொல்கிறார். நானும் முதல் தடவை கேட்பவன்போல, "அவ்வளவு தூரமா மாமா?" என்கிறேன்.