லோர்னா வீட்டு ஓட்டைகள்

"இன்னும் எத்தனை பழந்துணியைத்தான் அந்த ஜன்னல்ல திணிப்பே?" போர்வைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே மனைவியைக் கேட்டார் எவரெட்.

"வரப்போறது கவர்ன்மென்ட் ஆளு. வீடு பல்லை இளிச்சுக்கிட்டு நின்னா என் மானம் என்ன ஆறது?" என்றாள் லோர்னா.

அமெரிக்காவின் வடகோடியில், மெய்ன் மாநிலத்து நவம்பர். பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டு அடுக்கி, ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தாள். எவரெட்டின் நெஞ்சு இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"லோர்னா, ஒண்ணு சொல்லணும்..."

"நீங்க பேசாம படுங்க."

பக்கத்து வீட்டுத் தெல்மா எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! காத்து உள்ள வருதான்னு அளக்கத்தானே அவர் வர்றாரு? ஓட்டை இருந்தாத்தான் வரிச்சலுகை! வரி கட்ட வக்கில்லாத நமக்கு அதைப் பணமாவே தந்து வீட்டைச் சரிபண்ண வைக்கிறாங்க. நீ எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கியே!"

லோர்னா பாய்ந்துபோய் வைக்கோலை இழுத்துப் போட்டாள். பழந்துணியைப் பிடுங்கினாள். பிளாஸ்டிக் தாளை இழுத்த இழுப்பில் ஜன்னல் கண்ணாடியே கழன்று விழுந்து நொறுங்கியது. பனி உள்ளே கொட்டியது.

வருகிறவர் விறைத்துப் போவாரே என்று அடுப்பில் விறகைத் திணித்தாள். அதுவோ ஈர விறகு. வீடே புகை மண்டியது.

அந்த நேரம் பார்த்து கவர்ன்மென்ட் ஆள் ஹார்லன் வந்தார். "அம்மா, நான் வந்தது..."

"முதல்ல இதைப் பாருங்க சார்!" அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று மூலை மூலையாக இழுத்துப் போனாள். கடைசியில் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "காலையில நான்தான் எல்லாத்தையும் அடைச்சு மறைச்சேன் சார். என் வறட்டு மானத்துக்காக இவரைச் சாகக் குடுத்துடாதீங்க."

ஹார்லன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா. சலுகை கிடைச்சாச்சு. திங்கக்கிழமை வேலை ஆரம்பம்."

லோர்னா அவர் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார்!" தெல்மாவைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் சொல்லலேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்!"

எவரெட் தொண்டையைச் செருமினார். "நீ வீட்டுல இருந்தா ஒரு ஓட்டையைக்கூடக் காட்ட விடமாட்டியேன்னுதான், நீ வேலைக்குப் போயிருந்த செவ்வாய்க்கிழமையே இவரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் அளக்க வச்சுட்டேன், இன்னிக்கு நீ உடைச்ச கண்ணாடி மட்டும்தான் அதுல சேராது."